நன்றி சொல்லப்படாதவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகரப் பள்ளி ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1996-இல் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது உங்கள் குழுவில் இருக்க வாய்ப்பில்லை. அதனால் இந்தக் கடிதம், முன்பு குடியிருந்தவருக்கு வந்த தபாலைப் போலத் தோன்றலாம். ஆனாலும் முகவரி உங்களுடையதுதான். 'ஸ்க்ரீம்' என்ற திகில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, உதவியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி வரும் இடத்தில் ஒரு வரி வருகிறது: சான்டா ரோசா நகரப் பள்ளி மாவட்ட ஆட்சிக்குழுவுக்கு எந்த நன்றியும் கிடையாது. ஆட்கள் மாறிவிட்டார்கள், குழு அப்படியே இருக்கிறது, வரியும் அப்படியே இருக்கிறது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்து முடிக்கும்போதெல்லாம் அது ஒரு முறை திரையில் ஏறிப் போகிறது.

நான் சினிமாக்காரன் இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. அவள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஆண்டுவிழாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடலாம் என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்து, கடைசியில் வசனமே இல்லாத இசைக்கு ஆட வைத்த கூட்டத்தில் நானும் கை தூக்கியவன். ஆகவே உங்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது.

நடந்ததை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும். இயக்குநர் வெஸ் க்ரேவன் 'ஸ்க்ரீம்' படத்தின் பள்ளிக் காட்சிகளை உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் எடுக்கக் கேட்டார். செங்கல் கட்டடம், முகப்பில் படிகள், சினிமாவுக்கென்றே கட்டியதைப் போன்ற பள்ளி. 1986-இல் வந்த இயக்குநர் கொப்போலாவின் ஒரு படத்துக்கு அங்கே இடம் கொடுத்திருந்தீர்கள். இந்த முறை குழு திரைக்கதையைக் கேட்டு வாங்கிப் படித்தது. மாணவர்கள் வெட்டிக் கொல்லப்படுவது பிடிக்கவில்லை. வசனங்கள், முக்கியமாகத் தலைமையாசிரியர் பேசும் வசனங்கள், பிடிக்கவில்லை. ஊர் இரண்டுபட்டது. படப்பிடிப்பு தொடங்க வேண்டிய நாள் ஏப்ரல் 15. பொது விவாதம் ஏப்ரல் 16. மூன்று மணி நேரம் பேசி, அனுமதி இல்லை என்று முடித்தீர்கள். க்ரேவன் காத்திருக்கவில்லை, 15-ஆம் தேதியே வேறொரு வீட்டில் முதல் காட்சியைத் தொடங்கிவிட்டார். பள்ளிக்குப் பதில் சொனோமா ஊரில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சமூகக்கூடம் கிடைத்தது.

நீங்கள் ஏன் மறுத்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 1993 அக்டோபரில், பக்கத்து ஊரான பெட்டலூமாவில், 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் வீட்டுக்குள் புகுந்து, தோழிகள் கண்ணெதிரே கடத்திக்கொண்டுபோய்க் கொன்றான் ஒருவன். அந்த வழக்கில் தீர்ப்பு வந்ததே 1996 ஜூனில்தான். அதாவது, வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணைக் கத்தியோடு ஒருவன் தேடி வருகிற கதையை உங்களிடம் நீட்டியபோது, அது உங்கள் மாவட்டத்தில் கதையாக இருக்கவில்லை. அந்த மேசையில் நான் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பேன் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

இருந்தும் எழுதுகிறேன். காரணம், போன மாதம் என் மகளோடு உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்ததுதான்.

நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், வாடகைக்கு எடுத்த விசிடியில். இரண்டு தட்டுகள், பதினான்கு பேர், ஒரு கம்ப்யூட்டர். அன்றைக்கு எங்களுக்குப் பிடித்தது அதன் நக்கல். தான் ஒரு திகில் படம் என்று தெரிந்த திகில் படம். அதில் வரும் பையன்களும் பெண்களும் திகில் படமாகப் பார்த்துத் தள்ளியவர்கள். 'ஹாலோவீன்' ஆறாவது பாகத்தையும், 'ஃப்ரைடே த தர்ட்டீந்த்' ஒன்பதாவது பாகத்தையும் தாண்டிவிட்டிருந்த காலம் அது. முகமூடிக்காரன் எங்கிருந்து வருவான், எந்தப் பெண் செத்துப்போவாள் என்பதெல்லாம் டிக்கெட் வாங்கும்போதே தெரியும். எழுத்தாளர் கெவின் வில்லியம்சன் அந்தத் தெரிதலையே கதையாக்கினார். கொட்டகையில் நாம் கத்துவதை அவர் பாத்திரங்கள் படத்துக்குள்ளேயே கத்துகிறார்கள். அதற்கு விசில் அடித்தோம்.

மகளோடு பார்த்தபோது அந்த விசில் வரவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு: "தெரியாத நம்பரை எதுக்குப்பா எடுக்கறா?" லேண்ட்லைன் என்றால் யார் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று விளக்க வேண்டியிருந்தது. சரி, இவளுக்கு இது கற்காலத்துப் படம், பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அடுப்பில் தகரத் தட்டில் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருக்கிறது. மேலே மூடிய ஈயத்தாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழாக உப்புகிறது. ட்ரூ பேரிமோர் தொலைபேசியில் யாரோ ஒருவனோடு சும்மா பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் அவள் பெயரைக் கேட்கிறான். எதற்கு என்கிறாள். யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் என்கிறான். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மகள் காலை மடக்கிக்கொண்டாள். அப்புறம் அந்தக் கேள்வி பதில் விளையாட்டு. 'ஃப்ரைடே த தர்ட்டீந்த்' படத்தில் கொலைகாரன் யார்? ஜேசன் என்று கத்துகிறாள், பலமுறை பார்த்த படம் அது அவளுக்கு. தவறு. முதல் படத்தில் கொன்றது ஜேசனின் அம்மா. மகன் கத்தி எடுத்தது இரண்டாம் பாகத்தில்தான். இந்தப் பதிலுக்கு ஓர் உயிர் போகிறது. படம் பார்க்கிற எவனும் அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு பதில் சொல்லியிருப்பான், பாதிப் பேர் தப்பாகச் சொல்லியிருப்பான். விடுதியில் நான் தப்பாகத்தான் சொன்னேன்.

இதற்குப் பிறகு வருவதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம். அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்குகிறார்கள். பெண் சில அடி தூரத்தில் புல்வெளியில் இருக்கிறாள். குரல்வளை நசுங்கியதால் கத்த முடியவில்லை. அவர்கள் அவளைப் பார்க்காமல் வீட்டுக்குள் போகிறார்கள். பாப்கார்ன் கருகிப் புகை மண்டிக் கிடக்கிறது. அம்மா போலீசைக் கூப்பிட ரிசீவரை எடுக்கிறாள். அந்தப் பெண்ணின் கையில் இருப்பதும் அதே இணைப்பின் கம்பியில்லாப் போன். அம்மாவின் காதில் விழுவது மகளின் மூச்சு. மகள் வெளியே தோட்டத்தில் செத்துக்கொண்டிருக்கிறாள், தாய் உள்ளே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விடுதியில் இந்த இடம் எனக்கு நினைவிலேயே நிற்கவில்லை. கொலை மட்டும்தான் நின்றது. இந்த முறை நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் குழு திரைக்கதையைப் படித்தபோது இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படித்திருக்கும். பெட்டலூமா வீட்டில் அன்றைக்குத் தாய் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ, அதையே அந்தப் பக்கமும் பயந்து எழுதியிருக்கிறது. வில்லியம்சனுக்கு இந்தக் கதை வந்த விதமும் அப்படித்தான். ஃப்ளோரிடா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில்லில் 1990-இல் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் தனியாக இருந்தார். ஒரு ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தார், தான் திறந்த நினைவு இல்லை. கையில் கத்தியை எடுத்துக்கொண்டு நண்பனுக்குப் போன் செய்தார். நண்பன் தைரியம் சொல்கிற சாக்கில் திகில் படக் கேள்விகள் கேட்டு விளையாட ஆரம்பித்தான். நக்கல் வந்தது அதற்கப்புறம். முதலில் வந்தது திறந்த ஜன்னல்.

இதைத்தான் பின்னால் வந்த நகல்கள் பிடிக்கவில்லை. பயத்தைக் கீழே வைத்துவிட்டு வாயாடிப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒரு வேடிக்கை: இந்தப் படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'ஸ்கேரி மூவி'. அதே நிறுவனம் 2000-இல் இந்தப் படத்தைக் கிண்டல் செய்து ஒரு படம் வெளியிட்டபோது அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டது. இன்றைக்குப் பார்த்தால் கிண்டல்தான் கிழடு தட்டிப் போயிருக்கிறது.

இன்னொரு இடம். கடைசி விருந்தில், வீடியோ கடையில் வேலை செய்யும் ராண்டி, திகில் படத்தில் உயிர் பிழைப்பதற்கான விதிகளைச் சொல்கிறான்: உடலுறவு கூடாது, குடியும் போதையும் கூடாது, 'இதோ வந்துவிடுகிறேன்' என்று எழுந்து போகவே கூடாது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு தனியாகச் சோபாவில் கிடந்து 'ஹாலோவீன்' பார்க்கிறான். திரையில் ஜேமி லீ கர்ட்டிசின் முதுகுக்குப் பின்னால் கொலைகாரன். "ஜேமி, திரும்பிப் பாரு, பின்னாடி பாரு" என்று இவன் திரையைப் பார்த்துக் கத்துகிறான். இவன் முதுகுக்குப் பின்னால் நிஜக் கொலைகாரன் கத்தியோடு வந்து நிற்கிறான். ராண்டியாக நடித்தவரின் பெயர் ஜேமி கென்னடி என்பது கூடுதல் குசும்பு.

இதோடு நின்றிருந்தால் நல்ல ஜோக். ஆனால் வெளியே ஒரு செய்தி வேன் நிற்கிறது. அதற்குள் ஒளிப்பதிவாளர் ஒருவர், வீட்டுக்குள் ஒளித்துவைத்த கேமரா வழியாக ராண்டியைப் பார்க்கிறார். தப்பி ஓடி வந்த கதாநாயகி சிட்னியும் வேனில் ஏறிப் பார்க்கிறாள். இரண்டு பேரும் ராண்டியைப் பார்த்துக் கத்துகிறார்கள், திரும்பு, பின்னாடி பாரு என்று. நாம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்போதுதான் அந்த ஆளுக்கு ஞாபகம் வருகிறது: வேனுக்கு வரும் படம் முப்பது விநாடி தாமதம். அவர்கள் பார்த்தது நடந்து முடிந்தது. வீட்டில் இருந்தவன் இப்போது எங்கே? கதவைத் திறக்கிறார், கழுத்து அறுபடுகிறது.

ஒருவன் படம் பார்க்கிறான், அவனை இருவர் பார்க்கிறார்கள், அவர்களை நாம் பார்க்கிறோம். எல்லோருக்கும் எச்சரிக்கத் தெரிகிறது, எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேரவில்லை. சிட்னியும் அப்படித்தான். வாசல் கதவு இருக்க மாடிப்படி ஏறி ஓடும் முட்டாள் பெண்களைப் பற்றிப் போனில் ஏளனம் செய்கிறாள். அடுத்த நிமிடம் வாசல் கதவில் சங்கிலி போட்டிருக்கிறது, மாடிப்படி ஏறி ஓடுகிறாள். நம்மை எதுவும் காப்பாற்றும் என்று இந்தப் படம் வாக்குக் கொடுப்பதில்லை. பதினேழு வயதில் இருக்கும் எவரையும் கேளுங்கள். எல்லாம் தெரியும், ஆனால் எதுவும் கையில் இல்லை என்பதுதான் அந்த வயதே. முப்பது வருடமாக ஒவ்வொரு புது வகுப்பும் இந்தப் படத்தைத் தானாகத் தேடிப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அதில் சிட்னி மட்டும் கடைசியில் தெரிந்ததைச் செய்து காட்டுகிறாள். கொலைகாரர்களின் குரல் மாற்றியை அவளே எடுத்து அவர்களுக்குப் போன் போடுகிறாள். ராண்டியின் முதல் விதியை மீறியவளும் அவள்தான், பிழைத்தவளும் அவள்தான். அதுவரை திகில் படங்கள் பெண்பிள்ளைகளுக்குப் போட்டு வைத்திருந்த கணக்கை அந்த ஓர் இடத்தில் கிழித்துப் போடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தலைமையாசிரியர் விஷயத்துக்கு வருகிறேன், உங்களுக்கு உறுத்தியது அதுதானே. கொலை நடந்த சூடு ஆறுவதற்குள் முகமூடி மாட்டிக்கொண்டு வராந்தாவில் ஓடி விளையாடிய இரண்டு பையன்களை, தலைமையாசிரியராக வரும் ஹென்றி விங்க்லர் தன் அறைக்கு அழைக்கிறார். கையில் பெரிய கத்தரிக்கோல். உங்களுக்கு நியாயமான தண்டனை என்றால் குடலை உருவி மரத்தில் தொங்கவிடுவதுதான் என்கிறார். செத்துப்போன பெண்ணுக்கு நடந்தது அதுவேதான். பையன்கள் போனதும் கண்ணாடி முன் நின்று முகமூடியைத் தானே மாட்டிப் பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இது அவமானமாகத் தோன்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்கு மரத்துப்போய்விட்டது என்று கோபப்படுகிற பெரியவருக்குள்ளேயே என்ன இருக்கிறது என்பதை அரை நிமிடத்தில் காட்டிவிட்ட காட்சி அது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் அந்தக் கத்தரிக்கோலை நான் பார்த்திருக்கிறேன், சில நாள் என் கையிலேயே.

அவர் சாவது முதலில் திரைக்கதையில் இல்லை. நடுவில் முப்பது பக்கம் யாருமே சாகவில்லையே என்று தயாரிப்பாளர் சொல்லப்போய்ச் சேர்த்தது. அதனால் இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. விருந்துக்கு வந்த கூட்டத்தை எப்படி வெளியே அனுப்புவது என்று தெரியாமல் இருந்தது. தலைமையாசிரியர் கால்பந்துக் கம்பத்தில் தொங்குகிறார் என்று போன் வருகிறது. இறக்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் கும்பலாகக் காரில் ஏறிப் போகிறார்கள். இளவட்டங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற படம் இதை எழுதியிருக்காது.

படம் மீது எனக்கும் புகார் உண்டு. சிட்னியின் செத்துப்போன அம்மாவின் நடத்தையைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள், அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. சினிமா யாரையும் கொலைகாரன் ஆக்குவதில்லை, கொலைகாரனுக்கு யோசனைதான் கொடுக்கிறது என்று ஒரு வசனம் வருகிறது. ரசிகர்கள் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்பவனே கொலைகாரன் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2006-இல் ஐடஹோ மாநிலத்தில் பள்ளி மாணவர்கள் இருவர் தங்கள் வகுப்புத் தோழியைக் கொன்ற வழக்கில் இந்தப் படத்தின் பெயரும் அடிபட்டது. செய்தியிலிருந்து படம் வந்தது, படத்திலிருந்து மறுபடி செய்தி வந்தது. இதை மறைத்துக்கொண்டு உங்களிடம் வழக்காட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் உங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. ஹிட்ச்காக் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' படத்தை எடுத்தது சான்டா ரோசாவில்தானே? 1943-இல் வந்த அந்தப் படத்தில், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மாமா விதவைகளைக் கொல்கிறவன். அவன் இருக்கும் அதே வீட்டில், குடும்பத்தின் தகப்பனாரும் அடுத்த வீட்டுக்காரரும் துப்பறியும் கதைப் பைத்தியங்கள். மாட்டிக்கொள்ளாமல் ஒருவரை ஒருவர் எப்படிக் கொல்லலாம் என்று பேசிப் பேசி மகிழ்கிறார்கள். நிஜக் கொலைகாரன் பக்கத்தில் இருப்பது தெரியாது. கதைகளில் எல்லாம் படித்தவர்கள், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காதவர்கள். ராண்டியின் சோபாவுக்கு 53 வருடம் முந்தைய சோபா அது. அந்தப் படத்தின் வீடும், 'ஸ்க்ரீம்' படத்தில் சிட்னியின் தோழி டேட்டமின் வீடும் ஒரே மெக்டொனால்ட் அவென்யூவில் இருக்கின்றன. இடம் தேடி அலைந்தபோது ஒரு வீட்டில் தற்செயலாகக் கண்ணில் பட்டதுதான் அந்த வெள்ளை முகமூடியும். முகமூடியைத் தயாரித்த நிறுவனம் அதற்கு வைத்திருந்த பெயர், கடலைக்கண் பேய். 'பீநட்ஸ்', அதாவது கடலைகள், என்ற சித்திரத்தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் வாழ்ந்த ஊர் உங்களுடையது. இதையெல்லாம் நான் கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

உங்கள் மறுப்பால் படத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்தார்கள். முதல் வார இறுதியில் அறுபது லட்சம் சொச்சம்தான் வந்தது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, அமெரிக்காவில் மட்டும் பத்துக் கோடியைத் தாண்டியது. க்ரேவன் 2015-இல் போய்விட்டார். அவர் சார்பில் சமாதானம் பேச யாரும் என்னை அனுப்பவில்லை. ஆனால் 2026 டிசம்பர் 20 அன்று படம் வெளியாகி முப்பது வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை, வகுப்புகள் இருக்காது. அன்றைக்கு அந்தச் செங்கல் கட்டடத்து அரங்கில் ஒரு காட்சி போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

17 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எப்படி அனுமதிப்பது என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன். தணிக்கைக் குழுவோடு பலமுறை மல்லுக்கட்டி, வெட்டிக் குறைத்து, வாங்கிய 'ஆர்' சான்றிதழின் பொருளே பெற்றோரோடு வந்தால் பார்க்கலாம் என்பதுதான். அதையே நிபந்தனையாக வையுங்கள். ஒரு பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவர், பக்கத்து நாற்காலியில். பெட்டலூமாவை நினைவில் வைத்திருப்பவர்கள் வர விரும்பாவிட்டால் அதையும் மதியுங்கள்.

படம் முடிந்ததும் விளக்கை மட்டும் சீக்கிரம் போட்டுவிட வேண்டாம். பெயர்கள் ஓடி முடியட்டும். உங்கள் வரி வரும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். நீங்களும் தட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் டூ மாணவியின் தகப்பன்